தங்கவேல் போட்ட ஸ்லைடு

மந்தைவெளி கோமளா தியேட்டரை எப்போது இடிக்கப் போகிறார்கள் என்று தங்கவேலைக் கேட்காத ஜீவன்கள் அந்த வட்டாரத்தில் இரண்டுதான். ஒருவர், பக்கவாதம் வந்து பேச்சிழந்து, அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பெரிய முதலாளி. இன்னொன்று, டிக்கெட் கவுண்டர் நிழலில் படுத்திருந்த கறுப்பு நாய்.

மற்ற எல்லோரும் கேட்டார்கள். பால் பூத்தில் கேட்டார்கள், ரேஷன் கடையில் கேட்டார்கள், முடி வெட்டிக்கொள்ளத் தலையைக் குனிந்தால் பின்னாலிருந்து கேட்டார்கள். "இன்னா தங்கவேலு, கொட்டாய இடிக்கப் போறாங்களாமே, எப்போ?" கேட்பவர் குரலில் எள்ளளவாவது வருத்தம் உண்டா என்றால் கிடையாது. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வருமா, கடைகள் வருமா, அடுக்குமாடி வீடுகள் வருமா என்று தெரிந்துகொள்ளும் அவசரம்தான். இவர்களில் பாதிப் பேர் போன வருஷத்தில் நாலு தடவை டிக்கெட் எடுத்து உள்ளே வந்திருந்தால் இந்தக் கேள்விக்கே வேலை இருந்திருக்காது. வீட்டில் கேபிள் கனெக்‌ஷன் வாங்கிக் கட்டிலில் படுத்தபடி படம் பார்ப்பது, அப்புறம் தியேட்டர் போகிறதே என்று தெருவில் நின்று உச்சுக் கொட்டுவது. தங்கவேலுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பதில் சொல்லத்தான் அவரிடம் எதுவும் இல்லை. அவருக்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

அது 1998-ஆம் வருஷம், ஆனி மாசக் கடைசி. தங்கவேலுக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்திரண்டு வருஷமாகக் கோமளாவில் டார்ச் அடித்து இடம் காட்டுகிற வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். இருட்டில் கைக்குழந்தையோடு வரும் பெண்ணுக்கு ஓரத்து இடம், காலை மடக்க முடியாத கிழவருக்கு முதல் வரிசை, புதுசாகக் கல்யாணமானவர்களுக்குத் தூணுக்குப் பின்னால் என்று டிக்கெட்டைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து உட்கார வைக்கும் சாமர்த்தியம் எத்தனை பேருக்கு வரும்? எஃப் வரிசையில் பதினாலாம் நம்பர் சீட்டுக்கு ஸ்பிரிங் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெண்கள் பக்கம் திரும்பி விசில் அடிக்கிறவன், டிக்கெட் கிழிக்கும்போது 'டேய்' என்று கூப்பிடுகிறவன், இவர்களுக்கெல்லாம் தங்கவேல் அந்த இடத்தைத்தான் காட்டுவார். மூன்று மணி நேரத்தில் ஸ்பிரிங் அவர்களுக்கு மரியாதை கற்றுக் கொடுத்துவிடும்.

கோமளாவுக்கு என்று சில மனிதர்கள் இருந்தார்கள். ரம்ஜான் அன்று ஐஸ் ஹவுஸ் பக்கத்திலிருந்து மூன்று ஆட்டோவில் ஒரே குடும்பம் வந்து இறங்கும். பிரியாணி வாசனையோடு ஒரு வரிசை முழுக்க உட்காரும். புதன்கிழமை மேட்னிக்கு மயிலாப்பூரிலிருந்து ஜானு மாமி வருவார். பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவர். ஃபிளாஸ்கில் காபி, பையில் விசிறி, நடு வரிசையில் முதல் சீட்டு. படத்தில் பாட்டு வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, ஸ்ருதி சேரவில்லை என்றால் 'ச்சு' என்பார். அந்த 'ச்சு' எந்த இடத்தில் வரும் என்று தங்கவேலுக்குப் படம் வந்த இரண்டாவது வாரம் மனப்பாடமாகிவிடும்.

ஆனால் தங்கவேலுக்கு இந்த டார்ச்சை விடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. அதுதான் ஸ்லைடு.

படம் பார்த்துக்கொண்டிருப்பவரைத் தேடி வீட்டிலிருந்து ஆள் ஓடி வந்தால், எழுநூறு தலைகளுக்கு நடுவே இருட்டில் எப்படித் தேடுவது? அதற்குத்தான் சின்னக் கண்ணாடித் துண்டு. மண்ணெண்ணெய் விளக்கில் காட்டிக் கரி பிடிக்க வைத்து, அதில் ஊசியால் கீறி எழுத வேண்டும். 'மந்தைவெளி திரு. இன்னார் உடனே வெளியே வரவும்.' அதை ஆபரேட்டர் அப்துல் வஹீத் மெஷினில் செருகினால், ஓடுகிற படத்தின் மேல் ஓரமாக வெள்ளை எழுத்து வந்து நிற்கும். கோமளாவில் கையெழுத்து நன்றாக இருந்த ஒரே ஆள் தங்கவேல் என்பதால் எழுதுவது அவர். எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே ஓடி வந்து, எழுந்து நிற்கிற ஆளை டார்ச் அடித்து வெளியே அழைத்து வருவதும் அவர்.

இதற்குப் பெரிய முதலாளி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். சாவு, பிரசவம், ஆஸ்பத்திரி. இந்த மூன்றைத் தவிர வேறு எதற்கும் ஸ்லைடு கிடையாது. வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான் என்று ஒரு பெண்டாட்டி வாசலில் நின்று அழுதபோதுகூடப் போடவில்லை. அதனாலேயே கோமளாவில் ஸ்லைடு விழுந்தால் கூட்டம் மொத்தமும் அடங்கிவிடும். பெயருக்கு உரியவர் எழுந்திருக்காமல் இருந்ததே இல்லை. எழுந்து வருகிறவரின் முகத்தைப் பார்க்கிற முதல் ஆள் தங்கவேல்தான். அந்த முகம் அவருக்கு நன்றாகத் தெரியும். வாய் பாதி திறந்திருக்கும்; செருப்பு ஒரு காலில் இருக்கும், இன்னொரு காலில் இருக்காது. அந்த ஆள் போனதும் பக்கத்து சீட்டுக்காரர்கள் தங்கவேலின் சட்டையை இழுத்து, "யாரு போயிட்டாங்க?" என்று கேட்பார்கள். "ஒண்ணுமில்ல, படத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுவார். அடுத்தவர் வீட்டுத் துக்கத்தை இருட்டில் விநியோகம் செய்யக் கூடாது என்பதும் பெரியவர் சொன்னதுதான்.

எண்பத்து நாலில் நாலு கல்லூரிப் பையன்கள் பந்தயம் கட்டி, உள்ளே இருந்த சிநேகிதன் பெயருக்குப் பொய்யாக ஸ்லைடு போட வைத்தார்கள். அவன் அலறியடித்து ஓடி வந்து படியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டான். பெரியவர் அந்த நாலு பேரையும் வாசலில் நிறுத்தி, "பொய் ஸ்லைடு போட்டவன் இனிமே இந்தப் படியை மிதிக்கக் கூடாது" என்றார். தங்கவேல் நாலு முகத்தையும் மனசில் குறித்துக்கொண்டார். ஆறு வருஷம் கழித்து அதில் ஒருவன் பட்டுப்புடவைப் பெண்டாட்டியோடு வந்தபோதும் விடவில்லை.

அப்பேர்ப்பட்ட பெரியவர் சித்திரையில் படுக்கையில் விழுந்தார். காது கேட்கும், கண் பேசும், வாய் மட்டும் இல்லை. தங்கவேல் திங்கட்கிழமை தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன படம் ஓடுகிறது, எந்தப் பாட்டுக்குக் கைதட்டல் என்று சொல்லிவிட்டு வருவார். "கொட்டா நல்லா கீது மொதலாளி. நீங்க எழுந்து வாங்க" என்பார். பெரியவரின் இடது கை விரல் அவர் கையை ஒருமுறை அழுத்தும். அதற்கு என்ன அர்த்தமோ, 'தங்கவேலு, இந்தக் கொட்டா நிக்கற வரைக்கும் நீ இங்க நிப்பே' என்று எப்போதோ அவர் சொன்ன வாக்குதான் அது என்று இவர் எடுத்துக்கொண்டார்.

தியேட்டரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மகன் சுப்புராயனுக்கு வந்தது. நாற்பது வயது இருக்கும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணுக்கு நேராகப் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். காரில் வருவார், பக்கவாட்டுப் படி வழியாகப் பால்கனிக்குப் போவார், அதே வழியில் இறங்கிப் போவார். வைகாசியில் கோட்டுப் போட்ட இருவர் டேப்போடு வந்தார்கள். கேட்டதற்குப் புது சவுண்ட் சிஸ்டம் போட அளக்கிறோம் என்றார்கள். தங்கவேலுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அந்த இருவரும் உள்ளே பத்து நிமிஷம்கூட இல்லை. மதில் சுவரை அளந்தார்கள், கார் நிற்கும் இடத்தை அளந்தார்கள், பின்பக்கக் கிணற்றடியை அளந்தார்கள்.

"பாய், சவுண்டுக்கு எதுக்கு மதில் சுவத்த அளக்கறான்?" என்று வஹீதைக் கேட்டார்.

"எனக்கு இன்னா தெரியும் தங்கவேலு," என்று பாய் மெஷினுக்கு எண்ணெய் விட ஆரம்பித்துவிட்டார். காலையில்தான் அதற்கு எண்ணெய் விட்டிருந்தார்.

அன்று ஆரம்பித்தது இந்தக் கண்ணாமூச்சி. சின்ன முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றால் மேனேஜர், "சார் மீட்டிங்ல இருக்கார்" என்பார். கார் வரும்போது ஓடினால், கார் கண்ணாடி ஏறிவிடும். ஒருமுறை பால்கனிப் படியில் எதிரே மாட்டிக்கொண்டவர், "பேசலாம், பேசலாம், அடுத்த வாரம் பேசலாம்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த அடுத்த வாரம் இரண்டு மாசமாக வந்துகொண்டே இருந்தது. மூடப் போகிறாயா, மூடிக்கொள். நடத்தப் போகிறாயா, நடத்து. இரண்டில் ஒன்றைச் சொல்வதற்கு ஒரு மனுஷனுக்கு அப்படி என்ன வாய் வலிக்கும்?

இந்தப் பதில் தங்கவேலுக்கு அவசரமாகத் தேவைப்பட்டதற்குக் காரணம் அவர் மச்சான் வெள்ளைத்துரை. பெண்டாட்டி செண்பகத்தின் தம்பி. தி. நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் ஒரு மாடிக்கு சூபர்வைசர். ஆடித் தள்ளுபடிக்குக் கூட்டம் குவியும் என்பதால் கடையில் ஆள் எடுத்தார்கள். நல்லபடியாக நின்றால் வேலை நிரந்தரம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களை எடுப்பதில்லை. தங்கவேலுக்கு ஆவணியில் ஐம்பது.

"வேலை இன்னாடா?" என்று கேட்டார் தங்கவேல்.

"வாசல்ல நிக்கணும் மாமா. பட்டு மூணாவது மாடி, சுடிதார் ரெண்டாவது மாடின்னு வர்றவங்களுக்குச் சொல்லணும். நீங்க செய்யாத வேலையா?"

அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. வெளிச்சத்தில் நின்று வெளிச்சத்தில் இருப்பதைக் காட்டுவதற்கு ஆள் எதற்கு? வருகிறவர்களுக்குக் கண் இல்லையா? இதைச் சொன்னால் வெள்ளைத்துரைக்குப் புரியாது. செண்பகத்துக்குப் புரியும், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் மந்தைவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சு. புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள் வந்து பெயர் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று வெள்ளைத்துரை கெடு சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை ஆடி பிறக்கிறது.

புதன்கிழமை மேட்னிக்கு முன்னால் செண்பகம் தியேட்டர் வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு துணிப்பை. அதில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

"கடைல வெள்ளச் சட்டதான் போடணுமாம். இஸ்திரி போட்டுக் கொண்டாந்துகீறேன். இங்கருந்து அப்படியே பஸ் ஏறிடு."

"மொதலாளி ஒரு வார்த்த சொல்லட்டும், செண்பகம். அவரு நடத்தறேன்னு சொல்லிட்டா? இருபத்திரண்டு வருசத்த வுட்டுட்டு நானா ஓடிப்போனேன்னு ஆயிடாதா?"

"ரெண்டு மாசமா சொல்லாதவரு இன்னிக்கு சொல்லப் போறாரா? அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையால்ல கீது. பெரியவரு சொன்னாருன்னு நீ குந்திகினு கீற. பாவம், அவருக்கே வாயில்ல." பையை அவர் கையில் திணித்தாள். "ஆறு மணி. ஞாபகம் வெச்சுக்கோ." பள்ளிக்கூட மணி அடிக்கும் முன் போக வேண்டும் என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அவள் தெருமுனை திரும்புவதற்குள் சின்ன முதலாளியின் கார் உள்ளே வந்தது. அவரோடு மூன்று பேர். அதில் இருவர் மதில் சுவரை அளந்த அதே ஆசாமிகள். நாலு பேரும் பக்கவாட்டுப் படியேறி, பால்கனியில் முதலாளி குடும்பத்துக்கென்று இருக்கும் பாக்ஸுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். இன்று விடுவதில்லை என்று தங்கவேல் முடிவு செய்தார்.

கூட்டம் அறுபது பேர் இருக்கும். ஜானு மாமி வந்தார், அவரைத் தங்கவேல் வழக்கமான சீட்டில் உட்கார வைத்தார். படம் ஆரம்பித்ததும் மேலே போய் பாக்ஸ் கதவைத் தட்டினார். மேனேஜர் ஓடி வந்து கையைப் பிடித்தார். "பெரிய பார்ட்டி வந்திருக்காங்க. அறிவிருக்கா உனக்கு?" இன்டர்வெலுக்காவது வெளியே வருவார்கள் என்று படியடியில் காத்திருந்தார். காபியும் முறுக்கும் உள்ளே போயிற்று, ஆள் யாரும் வெளியே வரவில்லை. மணி நாலு. படம் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. இதை விட்டால் பக்கவாட்டுப் படி, கார், அடுத்த வாரம். ஆறு மணிக்குத் தி. நகரில் இருக்க வேண்டுமென்றால் ஐந்துக்குள் 12பி பஸ் ஏற வேண்டும்.

தலைக்குள் ஏதோ கொதித்தது. இருபத்திரண்டு வருஷமாக முன்பின் தெரியாத எத்தனை பேரை இந்த இருட்டிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டால் வெளியே வரவழைத்திருக்கிறோம், இந்த ஒரு ஆளை வரவழைக்க முடியாதா என்று தோன்றியது. அவ்வளவுதான். ஆபரேட்டர் ரூமுக்குப் போய் விளக்கை ஏற்றினார், கண்ணாடியைக் காட்டினார், ஊசியை எடுத்தார். கோபத்திலும் கையெழுத்து மட்டும் கோணவில்லை. 'திரு. சுப்புராயன் அவர்கள் உடனே வெளியே வரவும்.'

வஹீத் பாய் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். தங்கவேலைப் பார்த்தார். 'ஏன்' என்று கேட்பார், 'வேண்டாம்' என்பார் என்று தங்கவேல் வாக்குவாதத்துக்குத் தயாராக நின்றார். பாய் திரும்பி அதை மெஷினில் செருகினார்.

தங்கவேல் பால்கனிப் படிக்கு ஓடினார். கதாநாயகி அழுதுகொண்டிருந்த காட்சியின் மேல் வெள்ளை எழுத்து வந்து நின்றது. கீழே முறுக்குக் கடிக்கும் சத்தம் நின்றது. பாக்ஸுக்குள் ஏதோ உருண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு சுப்புராயன் வந்தார். வாய் பாதி திறந்திருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை.

"அப்பாவுக்கா?" என்றார். "போன் வந்துதா? தங்கவேலு, அப்பாவுக்கு என்ன?"

அப்போதுதான் தங்கவேலுக்கு உறைத்தது. திங்கட்கிழமை தவறாமல் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன் படுக்கையில் கிடப்பது இந்த ஒரு மணி நேரம் எப்படி மறந்து போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. கையில் இருந்த டார்ச் சுப்புராயனின் வெறுங்காலில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. அதை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

"பெரியவரு நல்லா கீறாரு, சார். நான்தான்... உங்களப் பாக்கணும்னு நான்தான் போட்டேன்."

சுப்புராயன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார், அடிப்பார், வெளியே போ என்பார் என்று தங்கவேல் காத்திருந்தார். எதைச் செய்தாலும் நியாயம்தான். ஆனால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷத்துல உயிரே போயிடுச்சு" என்று மட்டும் சொன்னார். பிறகு தரையைப் பார்த்தபடி, "கையெழுத்துப் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு தங்கவேலு. இந்த மாசக் கடைசியோட ஷோ இல்ல" என்றார்.

"ரெண்டு மாசமா?"

"ஆஸ்பத்திரிச் செலவு ஒரு பக்கம், இங்க காலி சீட்டு ஒரு பக்கம். நான் என்ன பண்ணட்டும்?"

"பண்ணுங்க சார், நான் கேக்கல. சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்த."

"எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. உன்கிட்டதான் சொல்லல." இப்போதுதான் முதல் தடவையாக அவர் தங்கவேலை நேராகப் பார்த்தார். "நீ வாரா வாரம் அப்பாவைப் பார்க்கப் போற. உனக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சியே அவருக்குச் சொல்லிடும். அம்மா பேர்ல கட்டின தியேட்டர். கேட்டா தாங்க மாட்டார். நீ போய் நல்லாருக்குன்னு சொல்றதை நம்பிக்கிட்டுதான் அவர் படுத்திருக்கார். தயவு பண்ணு, அவருக்குத் தெரிய வேண்டாம்."

ஊருக்கெல்லாம் தெரிந்த ரகசியம்; அது தெரிய வேண்டாத இரண்டு பேரில் ஒருவராகத் தங்கவேலையும் சேர்த்திருந்தார்கள். டிக்கெட் கிழிக்கிறவருக்குத் தெரியும். முறுக்கு விற்கிறவருக்குத் தெரியும். நாய்க்குக்கூட ஒருவேளை தெரிந்திருக்கும். மற்றவர்கள் எல்லாம் இரண்டு மாசத்தில் சத்தமில்லாமல் வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய், உண்மையைச் சொல்வதாக நினைத்து, ஒரு நோயாளியிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அழுகை வந்திருந்தால் தேவலை. எரிச்சல்தான் வந்தது. யார் மேல் என்றுகூடப் பிரிக்க முடியாத எரிச்சல்.

நேராக ஆபரேட்டர் ரூமுக்குப் போனார்.

"பாய், உனக்குத் தெரியும்."

"தெரியும்." பாய் ரீலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திருவான்மியூர்ல ஒரு கொட்டாயில எனக்கு வேலை கெடச்சுகீது. அடுத்த மாசம் போறேன்."

"பதினெட்டு வருசம் ஒண்ணா டீ குடிச்சோமே, பாய். எங்கைல சொல்ல ஒனக்கு வாயி வரலியா?"

"சின்னவரு அல்லா மேல சத்தியம் வாங்கிட்டாரு. வாயால ஒங்கைல சொல்ல மாட்டேன்னு." பாய் ஸ்லைடை உருவி அவர் கையில் வைத்தார். கண்ணாடி சூடாக இருந்தது. "ஸ்லைடு போட மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணலியே."

அதற்கு மேல் பாயிடம் கோபப்பட வழியில்லை. அது வேறு ஒரு எரிச்சல்.

மேனேஜர் அறையில் போன் இருந்தது. இவ்வளவு நேரம் கையைப் பிடித்துத் தள்ளிய மேனேஜர், இப்போது தானாகவே நகர்ந்து நின்றார். தங்கவேல் கடைக்குப் போட்டு வெள்ளைத்துரையைக் கூப்பிடச் சொன்னார். பின்னால் ஒரே இரைச்சல்.

"தொர, வேலை கீதா, போயிடுச்சா?"

"கீது மாமா. ரெண்டு பேரு வந்து நிக்கறாங்க, ஒங்களுக்காகத்தான் புடிச்சு வெச்சுகீறேன். ஆறு மணிக்கு மேல என்னால முடியாது. வர்றீங்களா, இல்லியா?"

"வரேன்."

ஷோ நடக்கும்போது பாதியில் வெளியே போனது இல்லை; பிள்ளை பிறந்தபோதுகூட. இன்று போக வேண்டும். வெள்ளைச் சட்டை இருந்த பை, எல் வரிசைக்குப் பின்னால், வழக்கமாக அவர் நிற்கும் சுவர் ஆணியில் தொங்கியது. அதை எடுக்க ஹாலுக்குள் நுழைந்தார். டார்ச் போடவில்லை. அந்த இருட்டில் அவருக்கு டார்ச் எப்போதும் தேவைப்பட்டதில்லை. அது மற்றவர்களுக்காக வைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் எந்த முகத்தை வைத்துக்கொள்வது, போகாமல் இருந்தால் பெரியவர் என்ன நினைப்பார் என்று ஓடிக்கொண்டிருந்தது மனசு. பையை எடுத்துக்கொண்டு நடு வழியாக முன் கதவுக்கு நடந்தார்.

யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஜானு மாமி. மடியில் விசிறி, கையில் ஃபிளாஸ்க் மூடி. ஸ்லைடு விழுந்ததிலிருந்து மாமி படத்தைப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது.

"ஏம்ப்பா தங்கவேலு, சுப்புராயன்னு போட்டிருந்ததே, பெரியவரோட பிள்ளைதானே? அவாத்துல யாராவது..." மாமியின் குரல் தணிந்தது. "யாரு போயிட்டா?"

ஒண்ணுமில்ல, படத்தைப் பாருங்க. இருபத்திரண்டு வருஷமாகச் சொன்ன வார்த்தைதான். வாயை அதற்காகத்தான் திறந்தார்.

"நம்ம கொட்டாதான், மாமி" என்றார்.